டர்பன் நார்த் பீச் பார்க்ரன்: மூத்தவர்கள் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள நார்த் பீச் கடற்கரையில் சனிக்கிழமைதோறும் காலையில் நடைபெறும் பார்க்ரன், கட்டணம் எதுவும் இல்லாமல், ஐந்து கிலோமீட்டர் தூரத்தை அவரவர் விருப்பம்போல் ஓடியோ நடந்தோ கடக்கும் நிகழ்வு. ஓட்டக்காரர்களுக்கு இதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறுபதைத் தாண்டிய, முழங்கால் அவ்வப்போது முரண்டு பிடிக்கிற, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பதற்காகப் போனால் இது நல்ல ஏற்பாடு. தன்னார்வலராகப் போனால், மூத்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்த ஊரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சேரும் முறை எளிது. இணையதளத்தில் ஒரு முறை பெயரைப் பதிவு செய்தால் நமக்கென்று ஒரு பார்கோடு கிடைக்கும். அது எந்த நாட்டில் நடக்கும் பார்க்ரனிலும் செல்லும். அதைக் கைப்பேசியில் காட்டலாம்; கைப்பேசியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் தாளில் அச்சிட்டு, வியர்வைக்கும் மழைக்கும் தாங்கும்படி லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பார்கோடு இல்லாமலும் நடக்க விடுவார்கள், ஆனால் முடிவுப் பட்டியலில் பெயர் வராது. இத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு கிடையாது. டெயில் வாக்கர் எனப்படும் தன்னார்வலர் ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவது விதி என்பதால், கடைசியாக வந்து சேர்ந்தோமே என்ற கூச்சத்துக்கும் இடமில்லை; கடைசி இடம் எப்போதும் அவருக்குரியது.

முடிவுகள் மின்னஞ்சலில் வரும். அதில் நாம் எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒரு விழுக்காடும் இருக்கும். நம் வயதிலும் பாலினத்திலும் உலகின் மிகச் சிறந்த நேரம் எதுவோ, அதனோடு ஒப்பிட்டு நம் நேரத்தை மதிப்பிடும் எண் அது. எழுபது வயதுப் பாட்டி நாற்பது நிமிடத்தில் முடித்து, முப்பது வயதுப் பேரன் முப்பது நிமிடத்தில் முடித்தால், பாட்டியின் விழுக்காடே கூடுதலாக இருக்கும். இந்த ஒரு வரியைப் பேரனிடம் காட்டுவதற்காகவே அடுத்த வாரமும் காலணியை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறும் இல்லை.

இந்த நிகழ்வு தோன்றிய விதமே என் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கிறது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு இதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹியூவிட், தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். அப்போது அவருக்குக் காயம் ஏற்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. ஓடும் நண்பர்களை விட்டு விலகிவிடக் கூடாது என்பதற்காக அவர்களுக்கென ஓர் ஓட்டத்தை ஏற்பாடு செய்தார். அதாவது, ஓட இயலாத ஒருவர் தனக்கென ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டதில்தான் இது பிறந்தது. 2011-இல் இதைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டு வந்து, ஜோகன்னஸ்பர்க்கின் டெல்ட்டா பூங்காவில் தொடங்கி வைத்தவர் ப்ரூஸ் ஃபோர்டைஸ். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மராத்தானை ஒன்பது முறை வென்ற அவர், ஐந்து கிலோமீட்டர் நடையை ஊர் ஊராகப் பரப்ப முன்வந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி மேம்படுத்தப்பட்ட இந்தக் கடற்கரை நடைபாதை அகலமானது, மேடு பள்ளம் இல்லாதது, தடுக்கி விழ வைக்கும் வேரோ கல்லோ இல்லாதது. ஆனால் எழுபதைத் தாண்டிய டர்பன் தமிழர்களுக்கு இது வெறும் நடைபாதை அன்று. நிறவெறி ஆட்சியில் கடற்கரைகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நார்த் பீச் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1989 நவம்பரில் அன்றைய அதிபர் டி கிளர்க் எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் திறக்கப்படும் என்று அறிவித்தபோது, இவர்கள் முப்பதைத் தாண்டிவிட்டிருந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் கால் வைக்க முடியாத இடத்தில், இன்று அவர்களில் சிலர் பளிச்சென்ற மேலாடை அணிந்து நின்று, ஓடி வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறார்கள்.

அந்த மேலாடைதான் இந்த மதிப்பீட்டின் மையம். பார்க்ரன் முழுவதையும் வாராவாரம் நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். ஆயிரம் பேருக்கு மேல் கூடும் நார்த் பீச்சில் அது சின்ன வேலை அன்று. முடிவுக் கோட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். ஒருவர் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் நேரம் குறிப்பவர் கைப்பேசிச் செயலியில் ஒரு முறை தட்டுகிறார். 412-ஆவதாக வந்தவர், இத்தனை நிமிடம், இத்தனை நொடி என்று பதிவாகிறது. வந்தவர் யார் என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டியவர்கள் ஒருவரை ஒருவர் முந்தாமல் குறுகிய தடுப்பு வழியில் வரிசையாக நடந்து வர, அதன் முனையில் நிற்பவர் எண்ணிட்ட சிறிய பிளாஸ்டிக் டோக்கனை ஒவ்வொருவர் கையிலும் வைக்கிறார். அதற்கும் அடுத்து நிற்பவர் அந்த டோக்கனையும் நம் பார்கோடையும் ஸ்கேன் செய்கிறார். இந்த மூன்றும் பின்னர் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் பெயரும் இடமும் நேரமும் சேர்கின்றன. ஒரு தட்டு விட்டுப்போனாலும், ஒரு டோக்கன் வரிசை மாறினாலும், சரிசெய்யும்வரை பின்னால் வந்த அத்தனை பேரின் நேரமும் பிசகி நிற்கும்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வரும் ஓர் ஆயா, எழுபத்தைந்தைக் கடந்தவர், டோக்கன் கொடுக்கும் இடத்தில் நின்றதை அருகிலிருந்து பார்த்தேன். டோக்கன்கள் எண் வரிசையில் ஒரு கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன. இடது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் ஒன்றை மட்டும் நகர்த்திக் கழற்றி, வருகிறவரின் உள்ளங்கையில் அழுத்தி வைப்பார்; இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் விரலால் ஒரு முறை நெருடிப் பார்ப்பார். ஐம்பது ஐம்பதாக எண்ணை உரக்கச் சொல்லி நேரம் குறிப்பவரோடு சரிபார்த்துக்கொண்டார். காதில் பாட்டுக் கேட்டபடி டோக்கனோடு நழுவப் பார்த்த ஓர் இளைஞரைத் தோளைத் தட்டி நிறுத்தினார். இங்கே தமிழ் பெரும்பாலும் கோயிலிலும் உறவுப் பெயர்களிலும் தங்கியிருக்கிறது என்றாலும், அவர் தலைமுறையில் இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. "ஆயா, கால் வலிக்கலையா? செத்த உட்காருங்களேன்" என்றேன். "உட்கார்ந்தா நம்பர் விட்டுப்போயிடும், கண்ணு" என்று என்னைத் திரும்பிப் பாராமலே பதில் சொன்னார்.

அவரை வீட்டில் ஒரு மணி நேரம் அப்படி நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார், நிற்கவும் விடமாட்டார்கள். வயதானவர்களை நம் வீடுகளில் அன்பாகத்தான் முடக்கிப்போடுகிறோம். "நீங்க சும்மா உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கடைசியில் தொலைக்காட்சியின் ரிமோட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அப்பாவுக்கு எதிலும் பிடிப்பில்லையே என்று கவலைப்படுகிறோம்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு மறதி நோய்க்கான, மாற்றிக்கொள்ளக்கூடிய காரணங்களென 2020-இல் 12-ஐயும், 2024-இல் 14-ஐயும் பட்டியலிட்டது. உடலுழைப்பு இல்லாமையும் பிறரோடு பழகாமல் தனித்திருப்பதும் அந்த இரண்டு பட்டியல்களிலும் உண்டு. நீரிழிவும் உண்டு, அது தென்னாப்பிரிக்க இந்தியக் குடும்பங்களில் எவ்வளவு பரவலானது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை கடற்கரைக்குப் போனால் மறதி வராது என்று எந்த மருத்துவரும் உறுதி தரமாட்டார். ஆனால் நடையும், பேச்சும், கவனம் சிதறாமல் எண்ண வேண்டிய ஒரு பொறுப்பும் ஒரே இடத்தில் காசில்லாமல் கிடைப்பது அரிது. மாதக் கட்டணம் வாங்கும் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் நான் சேர்ந்திருந்தபோது, என் வயதைக் கேட்டதும் மூலையில் இருந்த மிதிவண்டியைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

பொறுப்பு இருந்தால் உடம்பு ஒத்துழைக்கும் என்பதை நம் சமூகம் அறியாததும் அன்று. ஆடி மாதத்தில் டர்பன் மாரியம்மன் கோயில்களில் கூழ் காய்ச்சும்போது பெரிய பானைகளின் முன் துடுப்போடு நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். காவடித் திருவிழாவில் விடிவதற்கு முன்பே அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள். வீட்டில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் அதே பெண்கள்தான். தாங்கள் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆடி ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது, சனிக்கிழமை வாராவாரம் வருகிறது.

குறைகளும் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதோடு, உடல் தடுமாறாமல் நிற்கவும் தசை வலுப்பெறவும் உதவும் பயிற்சிகள் வாரத்தில் குறைந்தது மூன்று நாளாவது வேண்டும். ஐந்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் நடப்பவர் அந்த 150 நிமிடத்தில் பாதியைக்கூட எட்டுவதில்லை. சமதளமான நடைபாதை இதயத்துக்கும் மூச்சுக்கும் போதும். குளியலறையில் வழுக்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் வலுவை அது தராது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது போன்றவற்றை மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்தாக வேண்டும். தன்னார்வலராக ஒரே இடத்தில் நிற்பது நடை ஆகாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு வாரம் பணி, ஒரு வாரம் நடை என்று மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

டர்பனின் கோடைப் புழுக்கத்தைப் பற்றி எச்சரிக்கத் தேவையில்லை. நடைபாதையில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். இவ்வளவு பெரிய கூட்டத்தில் புறப்படும் வேளையில் நெரிசல் இருக்கத்தான் செய்யும், மெதுவாக நடப்பவர்கள் பின்வரிசையில் நின்றுகொண்டால் யாரும் இடிக்க மாட்டார்கள். முடிந்ததும் நேராகப் பன்னி சௌ (உள்ளே குடைந்த வெள்ளை ரொட்டியில் குழம்பு நிரப்பிய டர்பன் உணவு) கடைக்குப் போகும் வழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. ஆனால் நடந்ததில் செலவான சர்க்கரையை வெள்ளை ரொட்டியின் முதல் பாதியே திருப்பிக் கொடுத்துவிடும்.

எந்தப் பணி யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக நடக்கக்கூடியவர்கள், ஆனால் வேகம் வேண்டாம் என்பவர்கள் டெயில் வாக்கராகலாம். நடையும் பணியும் ஒன்றாகவே முடிந்துவிடும், கடைசியில் தனியாக வருகிறவருக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும். கண்பார்வை தெளிவாக இருந்து, கைப்பேசி பழக்கமும் உள்ளவர்களுக்கு ஸ்கேன் செய்யும் பணி. கைப்பேசியே வேண்டாம் என்பவர்களுக்குப் பாதையில் நின்று வழி காட்டும் பணி. நேரம் குறிப்பதை முதல் வாரத்திலேயே கேட்க வேண்டாம். கூட்டம் மொத்தமாக வந்து சேரும் சில நிமிடங்களில் அது இளையவர்களையே திணறடிக்கும். நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கு, எல்லாம் முடிந்தபின் டோக்கன்களை மீண்டும் எண் வரிசைப்படி கோக்கும் பணி இருக்கிறது. அதை உட்கார்ந்தே செய்யலாம். ஐந்து கிலோமீட்டரை நடந்து முடித்துவிட்டும் செய்யலாம் என்பதால், புதிதாக வருகிறவர்கள் வாரத் தொடக்கத்திலேயே ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதி அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.