பிச்சாவரம் ‘ஒருநாள் டூர்’ என்று முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

பொங்கல் லீவுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன ஜனவரியில் நாங்கள் ஏழு பேர் போய் ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. என் பிள்ளைகளை எப்படிப்பட்ட படகில் ஏற்றப் பார்த்தார்கள் என்பதுதான் இன்னும் மனசுக்கு ஆறவில்லை.

போனில் வந்த ஒரு விளம்பரத்தில்தான் விழுந்தேன். ராம்சார் அங்கீகாரம் பெற்ற சதுப்புநில டூர், தலைக்கு 900 ரூபாய், துடுப்புப் படகில் உள் கால்வாய்களுக்குள் 4 மணி நேரம், பைனாகுலரோடு பறவை கைடு, மதியம் மீன் சாப்பாடு. கூப்பிட்டேன். “அக்கா, நீங்க குடும்பத்தோட வாங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். நீர்நாய் கண்டிப்பா காட்டிடறேன்” என்றார் அந்த டூர்க்காரர். 3,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

அந்த விளம்பரத்திலேயே பொய் தெரிந்திருக்க வேண்டும். 2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது உண்மை. ஆனால் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். எந்த டூர்க்காரருக்கும் ராம்சார் அங்கீகாரம் கொடுப்பதில்லை. படத்தில் கூட்டமாக நின்ற பூநாரைகளைப் பார்க்க மக்கள் போவது கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும். இன்னொரு படத்தில் முதலை. சிதம்பரம் பக்கம் முதலை இருப்பது பழைய கொள்ளிடத்தில். பிச்சாவரத்துக்கு யாரும் முதலை பார்க்கப் போவதில்லை. நீர்நாய் இங்கே உண்டுதான். ஆனாலும் காட்டு உயிரைக் ‘கண்டிப்பாகக் காட்டுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

விடிவதற்கு முன்பே விழுப்புரத்திலிருந்து வேனில் கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் சிதம்பரம் போய்விட்டோம். அங்கிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அவர் எங்களைச் சிதம்பரத்திலேயே காத்திருக்கச் சொன்னார். “தண்ணி ஏறணும்க்கா, அப்பதான் படகு போகும்.” பதினொன்றேகாலுக்கு இன்னொரு குடும்பம் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. தண்ணீருக்காக இல்லை, படகு நிறைவதற்காகத்தான் எங்களை நிறுத்தி வைத்திருந்தார். பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும் காலை நேரம் முழுவதும் சாலையோர டீக்கடையில் போனது.

அப்புறம் அவர் எங்களைப் படகுத் துறைக்கே கூட்டிப் போகவில்லை. வழியிலேயே வேனைத் திருப்பி, உப்பங்கழி ஓரமாக ஒரு மண்கரையில் நிறுத்தினார். கவுன்டர் இல்லை, டிக்கெட் இல்லை, கைடும் இல்லை. நின்றது துடுப்புப் படகும் இல்லை, மோட்டார் வைத்த ஃபைபர் படகு. பிச்சாவரத்தின் அழகே மரக்கிளைகள் தலைக்கு மேல் கூடி நிற்கும் அந்தக் குறுகலான கால்வாய்கள்தான். அதற்குள் துடுப்புப் படகுதான் போகும். மோட்டார் படகு அகலமான தண்ணீரில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பும், அந்தச் சத்தத்துக்கே பறவைகள் பறந்துவிடும்.

இதையாவது பொறுத்திருப்பேன். இரண்டு குடும்பமும் சேர்ந்து பன்னிரண்டு பேர். லைஃப் ஜாக்கெட் நான்கு. அதில் ஒன்றை எடுத்து என் ஆறு வயது மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் வரை தொங்கியது. கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டியிருந்தது. “ஆழமே இல்லக்கா, இடுப்பளவுதான்” என்றார். என் மகளின் தலை என் இடுப்புக்குத்தான் வரும். அத்தை கரையை விட்டு நகரவே இல்லை. “பணம் போனா போகட்டும், ஏறாதீங்க” என்றார்கள். யாரும் ஏறவில்லை. ஏறாத படகுக்கு மீதி 3,300 ரூபாயையும் கேட்டு அந்த ஆள் சண்டைக்கு வந்தார். என் கணவர் கொடுக்க மறுத்து எல்லாரையும் வேனில் ஏற்றினார்.

நேராகச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறைக்குப் போனோம். கவுன்டரில் கட்டண விவரம் எழுதிப் போட்டிருந்தது. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோம், பிள்ளைகளுக்குச் சரியான அளவில் ஜாக்கெட் கிடைத்தது. முன்பணமும் தேவைப்படவில்லை, இடையில் ஓர் ஆளும் தேவைப்படவில்லை.

துடுப்பு போட்டவர் வயதானவர். சுரபுன்னையின் வேர்கள் கால் ஊன்றி நிற்பதைக் காட்டினார். வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து, “நாக்குல வெச்சுப் பாரு பாப்பா” என்றார். உப்புக் கரித்தது. அந்த மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகத்தான் வெளியேற்றுமாம். வற்றிய சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடுவதுபோல நின்றன. பக்கத்திலேயே ஒரு மீன் முன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் நடந்து போனது. என் மகன் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 2004 சுனாமியில் பின்னாலிருந்த குப்பங்களை இந்தக் காடுதான் காப்பாற்றியது என்று பெரியவர் சொன்னபோது, அத்தை அந்த வேர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பறவைகள் மட்டும் குறைவு. சில கொக்குகள், ஒரு மீன்கொத்தி, இறக்கையை விரித்துக் காயவைத்த ஒரு நீர்க்காகம். “வெயிலுக்கு முன்னாடி வந்திருக்கணும்மா” என்றார். நாங்கள் எட்டு மணிக்கே சிதம்பரத்தில் இருந்தோம் என்று அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

யாராவது டூர் என்று பேசினால், எந்தத் துறையிலிருந்து படகு, துடுப்பா மோட்டாரா, காலையில் எத்தனை மணிக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் போன் பேச்சை மட்டும் நம்பியதால் என்னிடம் இருந்தது ஜிபே ரசீது ஒன்றுதான்.

3,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, “அடுத்த தடவை வாங்க, கழிச்சுக்கலாம்” என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் எண்ணை பிளாக் செய்திருந்தார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். புகார் எண் வந்தது, பணம் வரவில்லை. நேற்று அதே பூநாரைப் படத்தோடு, வேறு போன் எண் போட்டு, அந்த விளம்பரம் மறுபடியும் வந்திருக்கிறது. இப்போது தலைக்கு 1,100 ரூபாய்.