கணினி விஞ்ஞானமா, தகவல் முறைமையா: ஏ.எல். முடித்தவர்களுக்கு ஓர் அலசல்

ஏ.எல். பெறுபேறு வந்து யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்துகிற நேரத்தில், கணினிப் பக்கம் போக நினைக்கிற பிள்ளைகளில் பலர் கணினி விஞ்ஞானத்தை (சி.எஸ்.) மேலே போட்டுவிட்டு, தகவல் முறைமையை (ஐ.எஸ்.) அதற்குக் கீழே "கிடைத்தால் கிடைக்கட்டும்" என்று போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. சி.எஸ். தானே பெரிது, ஐ.எஸ். என்றால் கணிதம் ஓடாதவர்களுக்கான சி.எஸ். என்று ரியூசன் வகுப்பில் யாரோ சொன்னதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்தப் பேச்சு பாதி கூட சரியில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல இடம் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, அதாவது யூ.சி.எஸ்.சி. 2002இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் இரண்டு பட்டங்களும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. புரோகிராமிங், தரவுத்தளம், வலையமைப்பு என்று தொடக்கத்தில் படிப்பதில் நிறையப் பொதுவானது, அதனால் முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிறகுதான் பாதை பிரியும். சி.எஸ். பிள்ளைகள் அல்கோரிதம், இயக்க முறைமை, கம்பைலர் (எழுதிய கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுகிற மென்பொருள்), கணிமைக் கோட்பாடு என்று உள்ளே இறங்குவார்கள். ஐ.எஸ். பிள்ளைகள் முறைமைப் பகுப்பாய்வு, ஈ.ஆர்.பி. (கணக்கு, களஞ்சியம், உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிற நிறுவன மென்பொருள்), திட்ட முகாமைத்துவம், கணக்கீடு, நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்று வெளியே போவார்கள். சி.எஸ்.க்கு ஏ.எல். கணிதப் பின்னணி வேண்டும், ஐ.எஸ்.க்கு வர்த்தகம், உயிரியல் படித்தவர்களுக்கும் வழி உண்டு. பாடச் சேர்க்கையும் ஓ.எல். கணிதப் பெறுபேறும் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்தந்த வருடக் கைந்நூலில் பாருங்கள், அண்ணாமார் சொல்வதைக் கேட்டு நிரப்ப வேண்டாம்.

சரி, வேலையில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஓர் ஆடைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். துணி வாங்க ஓடர் போடுகிறார்கள். சரக்கு வருகிறது, ஸ்டோர்ஸில் இறக்கி ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றதற்கான பற்றுச்சீட்டு) போடுகிறார்கள், பிறகு விற்றவர் பில் அனுப்புகிறார். ஓடர், ஜி.ஆர்.என்., பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்குப் பிரிவு காசு விடுவிக்கும். இப்போது பில்லில் 1,000 மீற்றர், ஸ்டோர்ஸ் எண்ணியது 960 மீற்றர். என்ன செய்வது? பில்லை முழுதாக நிறுத்தி வைப்பதா, 960க்கு மட்டும் காசு கொடுப்பதா, எத்தனை வீதம் வரை குறைந்தால் கண்டுகொள்ளாமல் விடலாம், அதற்குக் கையெழுத்துப் போடுகிறவர் ஸ்டோர்ஸ் மனேஜரா கணக்காளரா, அவர் லீவில் இருந்தால் யார்? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்து, முரண்பட்ட பதில்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்து எழுதுகிறவர் ஐ.எஸ். ஆள். ஒரே நேரத்தில் நாற்பது தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பில்கள் வந்தாலும் திணறாமல், ஒரே பில்லுக்கு இரண்டு தரம் காசு போகாமல் அந்த மென்பொருள் ஓட வேண்டும் என்று யோசிக்கிறவர் சி.எஸ். ஆள். இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால் முதலாவது என்பேன், ஏனென்றால் கம்பைலர் பிழையைச் சொல்லிவிடும், ஸ்டோர்ஸ் மனேஜர் சொல்ல மாட்டார்.

நிறுவனங்களைப் பார்த்தாலும் இந்தப் பிரிவு தெரியும். டபிள்யூ.எஸ்.ஓ.2 மாதிரி, மற்றப் புரோகிராமர்கள் பயன்படுத்துகிற மென்பொருளைக் கட்டுகிற இடத்தில் சி.எஸ். அடித்தளம் நேரடியாக உதவும். ஐ.எஃப்.எஸ். சுவீடனில் தொடங்கிய ஈ.ஆர்.பி. நிறுவனம், கொழும்பில் பெரிய கிளை வைத்திருக்கிறது. அங்கே கோட் எழுதுகிறவருக்கும் கணக்கியல், களஞ்சியம், உற்பத்தி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மாஸ், பிரண்டிக்ஸ் போன்ற ஆடைக் குழுமங்கள், வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் தங்கள் முறைமைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வைத்திருக்கின்றன. பிஸ்னஸ் அனலிஸ்ட் (பி.ஏ.), ஈ.ஆர்.பி. கன்சல்டன்ட், டேட்டா அனலிஸ்ட், முறைமைக் கணக்காய்வாளர் என்று வேலைப் பெயர்கள் நீளும். கணக்காய்வுப் பக்கம் போகிறவர்கள் பின்னாளில் சீசா (CISA) என்கிற முறைமைக் கணக்காய்வாளர் சான்றிதழ் எடுப்பார்கள். பரீட்சையை முன்கூட்டியே எழுதலாம், ஆனால் சான்றிதழ் கையில் கிடைக்க ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள், சில தகுதிகளுக்கு அதில் கழிவு உண்டு.

இதுவரை ஐ.எஸ்.ஸைப் புகழ்ந்தாயிற்று, இனி மறுபக்கம். ஏழெட்டுப் பேர் கோட் எழுதுகிற குழுவில் பி.ஏ. ஒருவர்தான் இருப்பார், அந்த ஒரு கதிரையையும் அனுபவம் இல்லாத புதுப் பட்டதாரிக்கு உடனே கொடுத்துவிட மாட்டார்கள். அதனால் பி.ஏ. ஆவேன் என்று வருகிற பலர் கியூ.ஏ.யில், அதாவது மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் தொடங்குகிறார்கள். அது கெட்ட தொடக்கம் இல்லை, ஒரு முறைமை எங்கே உடையும் என்று அங்கேதான் தெரியவரும். ஆனால் இது தெரியாமல் வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இன்னொன்று, ஐ.எஸ். எடுத்தால் கோட் எழுதத் தேவையில்லை என்று நினைத்து முதல் இரண்டு வருடத்தை ஒப்பேற்றுகிறவர்கள் பயிற்சிக் காலத்துக்கு இடம் தேடும்போது நன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்தில் தேடி எடுக்கிற மொழி) சரளமாக வராத ஐ.எஸ். பட்டதாரியை யாரும் எடுக்க மாட்டார்கள். மறுபுறம், கோட் நன்றாக எழுதுகிற ஐ.எஸ். பிள்ளைகளை மென்பொருள் பொறியியலாளராக எடுக்கிற நிறுவனங்கள் தாராளமாக உண்டு, அங்கே பட்டத்தின் பெயரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நம் பிள்ளைகள் அதிகம் யோசிக்காத விடயம் மொழி. படிப்பு ஆங்கிலத்தில்தான், அது இரண்டுக்கும் பொது. ஆனால் கோட் எழுதுகிறவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினாலும் அவர் எழுதிய கோட் அவருக்காகப் பேசும். பி.ஏ. வேலையே பேச்சுத்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் கூட்டம், உள்ளூர்த் தொழிற்சாலை என்றால் ஸ்டோர்ஸில் நிற்கிறவரோடு சிங்களத்தில் விசாரணை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழ் மொழிமூலம் படித்து வருகிறவருக்கு இது இரட்டைச் சுமை, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கூச்ச சுபாவம் உள்ள, தனியாக உட்கார்ந்து வேலை செய்யப் பிடிக்கிற பிள்ளையை "மனேஜ்மென்ட் பக்கம் போகலாம்" என்று ஐ.எஸ்.ஸுக்குத் தள்ளுகிற பெற்றோரும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதே நேரம் மூன்று மொழியும் ஓரளவு வசப்பட்டவருக்கு இந்தத் துறையில் போட்டி குறைவு.

ஆகவே இணைந்த கணிதம் நன்றாக ஓடுகிறது, எந்தப் பக்கம் போவது என்று இன்னும் முடிவில்லை என்றால் சி.எஸ்.ஸை மேலே போடுங்கள். சி.எஸ். படித்துவிட்டுப் பின்னாளில் அனலிஸ்ட் பக்கம் மாறுவது, ஐ.எஸ். படித்தவர் கம்பைலர் ஆராய்ச்சிக்குப் போவதை விட லேசு. வர்த்தகப் பிரிவில் கணக்கீடு படித்தவர் என்றால் ஐ.எஸ்.ஸை தயங்காமல் முதலாவதாகவே போடலாம். மேலே சொன்ன பில் கதை அவருக்குப் பாதி ஏற்கனவே தெரியும், கணிதப் பிரிவுப் பிள்ளை அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

கொழும்பு ஒன்றுதான் வழி என்றும் இல்லை. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் தகவல் முறைமை உண்டு. களனியில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த எம்.ஐ.டி. இருக்கிறது, பெயரில் முகாமைத்துவம் என்றாலும் அது நடப்பது விஞ்ஞான பீடத்தில், ஐ.எஸ்.ஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரை விட்டு வர முடியாதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானமும் வவுனியாவில் தகவல் தொழில்நுட்பமும் இருக்கின்றன. தனியார் பக்கம் ஸ்லிட்டில் (SLIIT, இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம்) தகவல் முறைமைப் பொறியியல் என்று ஒரு சிறப்புப் பிரிவு உண்டு, ஆனால் அங்கே கட்டணம் லட்சக்கணக்கில் போகும், கடன் வாங்கிச் சேர்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து நன்றாகக் கணக்குப் பாருங்கள். வெட்டுப்புள்ளியும் தப்பி, அவ்வளவு காசும் இல்லை என்றால் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, இப்போது யூ.சி.எஸ்.சி. நடத்துகிற பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாவது வருடத்தோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா.