எரிந்த போனும் மெதுவான போனும்

பேட்டரியால் பெயர் கெட்ட இரண்டு கதைகள்: சாம்சங்கின் போன் எரிந்தது, ஆப்பிள் பழைய ஐபோன்களை மெதுவாக்கியது. இரண்டில் ஆபத்து சாம்சங் கதையில்தான் அதிகம். எனக்கென்னவோ ஆப்பிள் செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

2016 ஆகஸ்டில் வந்த கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் புகைந்தன (விமானத்தில் கொண்டுபோகவே தடை!). அக்டோபரில் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில், இரு நிறுவனங்கள் தந்த பேட்டரிகளிலும் வெவ்வேறு கோளாறு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஐபோன் கதை வேறு. தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணையாமலிருக்க, மென்பொருள் வழியே வேகத்தைக் குறைத்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் வாங்கியவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் குட்டு உடைந்ததும், புதுசு வாங்கவைக்கும் தந்திரம் என்றே பலர் கொதித்தார்கள். பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தும், வாங்கியவர்கள் போட்ட வழக்குகள் ஓயவில்லை. 2020-ல் வழக்கை முடித்துக்கொள்ள 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டார்கள்.