மெழுகுவர்த்திக்கு எது: பாரஃபினா, தேன்மெழுகா, சோயாவா?

வீட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்க நினைப்பவர்களில் பலர், "பாரஃபின் பெட்ரோலியம், சோயா இயற்கை" என்ற ஒரே வரியில் முடிவெடுத்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது போதாது. முதலில் பார்க்க வேண்டியது உருகுநிலையை.

பாரஃபின், கச்சா எண்ணெயிலிருந்து மசகெண்ணெய் எடுக்கும்போது பிரியும் மெழுகு. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீண்ட சங்கிலிகள். பெரும்பாலும் 20 முதல் 40 கார்பன் வரை. எல்லாம் ஒற்றைப் பிணைப்பு என்பதால் அமிலமும் காரமும் அதை எளிதில் அசைப்பதில்லை. 1830இல் மரத்தாரிலிருந்து இதைப் பிரித்த ஜெர்மானியர் கார்ல் ரைக்கன்பாக் கவனித்ததும் இந்த மந்தக் குணத்தைத்தான். அதனால் வைத்திருந்தாலும் சிக்கு வாடை வராது, நிறமும் வாசனையும் நன்றாக ஏறும், விலையும் குறைவு. வகையைப் பொறுத்து ஏறக்குறைய 46 முதல் 68 டிகிரி செல்சியஸில் உருகும். தனியாக நிற்கும் தடித்த மெழுகுவர்த்திக்கு 58க்கு மேல் உருகுவதை வாங்கி, கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் கெட்டியாக இருக்கும், அச்சிலிருந்தும் சுலபமாகக் கழன்று வரும். தீக்குச்சியிலும் இதுதான் ஏற்றப்படுகிறது. மருந்தில் பிடித்த தீ மரத்துக்குத் தாவ வேண்டுமே!

தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். வெயிலில் வளையாது, மணமும் தனி. விலைதான் இடிக்கும், பாரஃபின் கலப்படமும் அதனால்தான். தேன்மெழுகில் உள்ள எஸ்டர்கள் காரத்தோடு வினைபுரியும், பாரஃபின் புரியாது. ஆய்வகத்தில் கலப்படத்தைப் பிடிக்க இது ஒரு வழி.

சோயா மெழுகு, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். குவளையில் ஊற்றும் வகை 50 டிகிரியை ஒட்டியே இளகிவிடும்; சித்திரையில் பார்சல் அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே வெள்ளையாகப் பூப்பதும் உண்டு.

புகைக்குப் பாரஃபினை மட்டும் திட்டுவது சரியில்லை. திரி நீண்டுவிட்டால் எந்த மெழுகும் கரி கக்கும். 6 மில்லிமீட்டருக்கு நறுக்கிவிட்டு ஏற்றுங்கள்.

என் தேர்வு: அச்சில் வார்ப்பதற்குப் பாரஃபின், கண்ணாடிக் குவளைக்குச் சோயா. தேன்மெழுகு, கேட்டு வாங்குபவர்களுக்கு மட்டும். அப்புறம், எதை உருக்கினாலும் நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு மூடி போட்டு மூடுங்கள்.