ஹெட் போல்ட்: பழசா, கம்பெனிப் புதுசா, செம்புதாஸ் தெரு சரக்கா?

"அண்ணே, போல்ட்டெல்லாம் நல்லாத்தான் கீது, டீசல்ல கழுவிப் போட்டுக்கலாம்." பிளாக் போரிங் (சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது) முடிந்து வந்ததும் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எந்த ஷெட்டிலும் காதில் விழும் பேச்சு இது. இன்ஜினில் பாதி இடத்துக்கு அது சரியான யோசனைதான். மீதி இடத்தில் அதே யோசனை, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உட்காரும் ஹெட் கேஸ்கெட்டைக் காவு வாங்கிவிடும்.

எந்த இடம் எது என்று இன்ஜினின் சர்வீஸ் கையேட்டிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு வெறும் நியூட்டன் மீட்டர் கணக்கு மட்டும் கொடுத்திருந்தால், அந்த போல்ட் ரப்பர் போல நீண்டு, கழற்றினதும் பழைய நீளத்துக்கே வந்துவிடும் வகை. மரை நன்றாக இருந்தால் தாராளமாகத் திரும்பப் போடலாம். முதலில் 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 90 டிகிரி திருப்பு, மறுபடி 90 டிகிரி திருப்பு என்கிற மாதிரி போட்டிருந்தால் உஷாராக வேண்டும். பெரும்பாலும் அது இழுபட்டு நீள்வதற்கென்றே செய்த போல்ட்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு. 1.25 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) உள்ள எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டை மொத்தம் 180 டிகிரி திருப்பினால் அது 0.62 மி.மீ. உள்ளே இறங்கும். இழுபடும் பகுதி 100 மி.மீ. இருக்கும் 10.9 ரக (இது தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்) போல்ட், நிரந்தரமாக நீளாமல் தாங்குவது சுமார் 0.45 மி.மீ. வரைதான். கேஸ்கெட்டும் ஹெட்டும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், சரி. ஆனால் டிகிரி கணக்குக்கு முன்பே 40 நியூட்டன் மீட்டரில் போல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும். ஆக, எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. அதே போல்ட்டை இரண்டாம் முறை இழுத்தால் ஒரு இடத்தில் இடை மெலியும். அப்புறம் டிகிரி சரியாக வந்தாலும் அழுத்தம் இருக்காது.

சில கையேடுகள் இந்த வகையையும் அளந்து பார்த்துத் திரும்பப் போட அனுமதிக்கின்றன. மரையின் வெளி விட்டத்தைத் தலைப்பக்கம் ஒரு இடத்திலும், நுனிப்பக்கம் ஒரு இடத்திலும் வெர்னியரில் எடுத்து வித்தியாசம் பார்ப்பார்கள். அல்லது தலைக்குக் கீழே முழு நீளத்துக்கு ஒரு உச்ச அளவு தந்திருப்பார்கள். அந்த அளவு கையில் இல்லையென்றால் அளந்து பயனில்லை, புதுசு வாங்குங்கள். வெர்னியர் இல்லாமல் ஒரு முரட்டுச் சோதனை உண்டு: புது போல்ட்டின் மரையைப் பழையதன் மரையோடு கோத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். நடுவில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் பழசு நீண்டுவிட்டது. சரியான நட்டைக் கையால் ஓட்டும்போது ஒரே இடத்தில் பிடித்தாலும் அதே தீர்ப்பு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராட்டின் போல்ட்டில் மட்டும் சந்தேகம் வந்த பிறகு சோதனை வேண்டாம். அங்கே ஒன்று அறுந்தால் பிளாக்கில் ஓட்டை.

இனி புதுசு. கம்பெனி பாக்கெட்டில் வரும் ஹெட் போல்ட் செட் விலை கொஞ்சம் உறைக்கும்தான். ஹெட்டை மறுபடி இறக்கும் கூலியோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய காசு இல்லை. இதற்குப் போட்டியாக நிற்பது ஜார்ஜ் டவுன் செம்புதாஸ் தெரு ஹார்டுவேர் சரக்கு. அங்கே கிடைப்பது மட்டம் என்று சொல்ல முடியாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண்ணும், தயாரித்தவர் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடாதீர்கள். 1966 முதல் பாடியில் போல்ட் செய்யும் சுந்தரம் பாஸ்னர்ஸின் டி.வி.எஸ். முத்திரை நமக்குப் பழகினதுதான்.

வில்லங்கம் பிட்ச்சில் இருக்கிறது. கடையில் எம்10 என்று மொட்டையாகக் கேட்டால் 1.5 பிட்ச்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஜப்பான் டிசைன் இன்ஜின்களில் எம்10 பெரும்பாலும் 1.25. இரண்டு மரை இறங்கும், அப்புறம் இறுகும். "டைட்டா உக்காருது" என்று ஸ்பானரை இழுத்தால் அலுமினிய மரை சுருள் சுருளாக வெளியே வரும், போன மரைக்குப் பதில் வைக்கும் ஹெலிகாயில் சுருளின் செலவு கூடவே வரும். பிட்ச் கேஜ் இல்லாவிட்டால் பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆல்டர்னேட்டர் பிராக்கெட், இன்ஜின் மவுண்ட், டைமிங் கவர் இவற்றுக்கு இந்தச் சரக்கு போதும். ஹெட்டுக்கும் மெயின் பேரிங்குக்கும் வேண்டாம். ரகம் பொருந்தினாலும் நடுத்தண்டின் மெலிவும் தலையடி வடிவமும் வேறாக இருக்கும்.

காசிமேடு உப்புக்காற்றுக்குப் பயந்து பளபளக்கும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் கேட்பவர்கள் உண்டு. கடைகளில் சாதாரணமாக வரும் ஏ2-70 ரகம் 700 மெகாபாஸ்கல் இழுவிசைதான் தாங்கும், 8.8-க்கும் கீழே. அலுமினியத்தோடு சேர்ந்து உப்பு ஈரம் பட்டால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். ஏர் கிளீனர் டப்பாவோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

காயலாங்கடை, புதுப்பேட்டை போல்ட்டில் ஒரே கோளாறு, அது எத்தனை முறை இழுபட்டது என்பதைச் சொல்ல ஆள் இல்லை. துருவை எடுக்க ஆசிட்டில் ஊறவைத்த 10.9, 12.9 போல்ட் இன்னும் மோசம். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, டைட் பண்ணி ஒன்றிரண்டு நாள் கழித்து நின்ற இடத்திலேயே தலை தெறிக்கும்.

ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஸ்டட் (தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள தண்டு) அருமையான பொருள். பிளாக்கில் கையால் இறக்கி மேலே நட் போடுவதால் முறுக்கல் ரொம்பக் குறைவு. டர்போ அழுத்தம் ஏற்றிய வண்டிக்கு அது வேண்டும், ஓலா ஓட்டும் வண்டிக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் துளை சுத்தமாக இருக்க வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கி நின்றால், இறங்கும் போல்ட் அதை ஜாக்கி மாதிரி அழுத்தி வார்ப்பிரும்பையே பிளக்கும். மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் சுத்தம் செய்தால் மரையின் உலோகம் சேர்த்துப் போகும். கழித்துப்போட்ட பழைய ஹெட் போல்ட் ஒன்றில் ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் இரண்டு காடி வெட்டி, பிசிறை அரத்தால் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் கையால் ஓட்டி எடுங்கள். அழுக்கு காடியில் ஏறி வரும். பிறகு காற்றடியுங்கள். கையேடு வேறு சொல்லாவிட்டால் மரைக்கும் தலையடிக்கும் இன்ஜின் ஆயிலை லேசாகத் தடவுங்கள். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சில் காட்டும் எண்ணில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. ஒரு போல்ட் வறண்டு, பக்கத்துப் போல்ட் எண்ணெயில் ஊறியிருந்தால் எண் ஒன்றாகவே காட்டும், ஹெட்டில் விழும் அழுத்தம் இரண்டு விதமாக இருக்கும்.