சென்ஹைசர் ஐஈ 900, 64 ஆடியோ யூ12டி: ஒரு டிரைவரா, பன்னிரண்டா?

சென்ஹைசர் 2021இல் கொண்டுவந்த ஐஈ 900 இயர்போனுக்குள் இருப்பது ஒரே ஒரு 7 மி.மீ. டைனமிக் டிரைவர், அதாவது சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். 64 ஆடியோவின் யூ12டி இயர்போனில் காதுக்குப் பன்னிரண்டு பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள், அதாவது காந்தங்களுக்கு நடுவே அசையும் சின்ன உலோகத் தகட்டால் ஒலி எழுப்பும் டிரைவர்கள். எண்ணிக்கையை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம்.

மிருதங்கம் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். ஐஈ 900இல் தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கி, அதாவது வழுக்கி எழும் அந்தத் தாழ்ந்த நாதம், காற்றோடு எழுந்து மெல்லக் கரைகிறது. தோல் அதிர்வதே காதில் படுகிறது. யூ12டியில் அதே அடி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். ஆர்மேச்சரில் இவ்வளவு பேஸ் (தாழ்ந்த ஒலி) வருவதே பெரிய விஷயம்தான், ஆனாலும் அந்தக் காற்று இல்லை.

குரலுக்கு யூ12டிதான். பாடகர் மூச்சிழுப்பது, தம்புரா, பின்னால் வரும் வயலின் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும், ஆனால் பிரிந்துபோகாது. ஐஈ 900இல் குரல் ஓரடி பின்னால் நிற்கும். ஜால்ரா கொஞ்சம் கூசும்.

அப்புறம், யூ12டியின் ஏபெக்ஸ் மாட்யூல் காதுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடுகிறது. இரண்டு மணி நேரம் கேட்டாலும் காது அடைத்த மாதிரி இருக்காது. ஐஈ 900இன் அலுமினிய உடல் சின்னது, படுத்துக்கொண்டே கேட்கலாம்.

கச்சேரி என்றால் எனக்கு யூ12டி. பேஸ் கிட்டார் ஓடும் பழைய சினிமாப் பாட்டுக்கு மட்டும் கை தானாக ஐஈ 900ஐத்தான் தேடுகிறது.