ரிச்சி ஸ்ட்ரீட், ரெண்டு லட்சம், என்னோட முதல் கேமிங் பிசி

ரெண்டு லட்சத்துக்கு கம்ப்யூட்டராடா, ரெண்டே முக்கால் பவுன் வந்திருக்குமேன்னு அம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறாங்க. 2025 ஜூலைல வாங்குனது, ஏழு மாசம் ஆச்சு, டெய்லி ஓடுது, அதனால இப்ப எழுதுனாதான் ஒழுங்கா இருக்கும்னு தோணுச்சு. வாங்குன ஒரு வாரத்துல எழுதுற ரிவ்யூ எல்லாம் கல்யாணம் ஆன ஒரு வாரத்துல மாமியார பத்தி கேக்குற மாதிரி, எல்லாமே சூப்பராத்தான் இருக்கும்.

முதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடுறேன். நான் ப்ராசசர்ல, அதாவது கம்ப்யூட்டரோட மூளைல இருந்து லிஸ்ட் போட ஆரம்பிச்சேன். மூணு மாசம் வீடியோ வீடியோவா பாத்து ஏஎம்டியோட ரைசன் 7 9800எக்ஸ்3டி தான் வேணும், அதுக்கு மூணு ஃபேன் வச்ச லிக்விட் கூலர், அதுக்கு மேல விலை ஜாஸ்தியான எக்ஸ்870 மதர்போர்டுன்னு எழுதிட்டு, மிச்சம் இருக்குற காசுல கிராபிக்ஸ் கார்டு பாத்தா 12 ஜிபி மெமரி இருக்குற என்விடியா 5070 தான் மாட்டுச்சு. மச்சான்கிட்ட லிஸ்ட்ட காட்டுனேன், அவன் எல்லாத்தையும் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "மானிட்டர் எதுடா?" பழைய 22 இன்ச்தான்டா இருக்கே, 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 தடவ படம் மாறும்), அதுவே போதும்னேன். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு டவுன் பஸ்ல ஃபுட்போர்டு அடிக்கப் போறியான்னு சிரிச்சான். கோவம் வந்துச்சு, ஆனா அவன் சொன்னது கரெக்ட்டு.

அப்புறம் லிஸ்ட்ட தலைகீழா போட்டோம். மானிட்டர் முதல்ல, 27 இன்ச், 1440பி, 180 ஹெர்ட்ஸ், கலர் நல்லா தெரியுற ஐபிஎஸ் பேனல், சுமாரா 19 ஆயிரம். இதுக்கு காரணம் சிம்பிள்தான், ஸ்க்ரீன் ரெசல்யூஷன் 1080பின்னா ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, கிட்டத்தட்ட 21 லட்சம் பிக்சல், 1440பில 37 லட்சம், 4கேல 83 லட்சம், இவ்வளவையும் செகண்டுக்கு நூறு தடவ வரையுறது கிராபிக்ஸ் கார்டு வேலை, அதனால மானிட்டர் முடிவாகாம கார்டு முடிவாகாது, கார்டு முடிவாகாம கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ்ஸும் எல்லாத்தையும் மாட்டுற கேபினட்டும் முடிவாகாது. ப்ராசசர் கடைசிலதான் வருது. 4கே மானிட்டர் மேல எனக்கும் ஆசைதான், ஆனா அதுக்கேத்த கார்டு வாங்கணும்னா அம்மா கணக்கு நாலு பவுன தாண்டிடும்.

கார்டுல ரெண்டு பேருக்குதான் போட்டி, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. ரெண்டுமே 16 ஜிபி, ரெண்டும் கரண்ட் குடிக்கிறதும் ஒரே அளவு, 300 வாட்ஸ், 304 வாட்ஸ். நான் விசாரிச்சப்ப ஏஎம்டி பத்தாயிரம் கம்மி. வெறும் கேம் மட்டும்தான்னா கண்ண மூடிட்டு ஏஎம்டி எடுத்திருப்பேன், சத்தியமா. எனக்கு பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல வேலையும் கொஞ்சம் இருக்கு, அதுல என்விடியா கார்டு ரெண்டரிங் ரொம்ப ஃபாஸ்ட், அதனால 80 ஆயிரம் குடுத்து 5070 டிஐ எடுத்தேன். இத யாராச்சும் புதுசா வாங்குனா மாட்டுன உடனே ஜிபியு-இசட்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு ஆர்ஓபி (கார்டுக்குள்ள பிக்சல முடிச்சு குடுக்குற யூனிட்) எத்தனைன்னு பாருங்க, 96 இருக்கணும். ஆரம்பத்துல வந்த சில பீஸ்ல 88 தான் இருந்துச்சு, என்விடியாவே 2025 பிப்ரவரில ஒத்துக்கிட்டு மாத்தித் தரோம்னு சொன்ன விஷயம் இது. எனக்கு 96 காட்டுச்சு, அன்னிக்குதான் நிம்மதியா தூங்குனேன்.

ப்ராசசருக்கு 9800எக்ஸ்3டிய விட்டுட்டு ஒரு தலைமுறை பழைய 7800எக்ஸ்3டி, 35 ஆயிரம். ரெண்டுலயும் எட்டு கோர், ரெண்டுலயும் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளயே இருக்குற குட்டி மெமரி, அந்த கேஷ்தான் கேமுக்கு உயிர், ஏன்னா கேம் திரும்பத் திரும்ப கேக்குற டேட்டா ரேம் வரைக்கும் போகாம பக்கத்துலயே கெடைக்குது. புதுசு பழச விட கேம்ல சராசரியா 8 பர்சன்ட் வேகம்னு ஏஎம்டியே சொல்லுது, அதுவும் 1440பில கார்டுதான் முக்கி முனகும், ப்ராசசர் சும்மா வேடிக்கை பாக்கும், அதுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா பத்தாயிரம். இன்னொன்னு, கேம்ல இந்த சிப் ரொம்ப கரண்ட் குடிக்காது, அதனால லிக்விட் கூலரும் லிஸ்ட்ல இருந்து போச்சு, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, நாலாயிரத்துக்குள்ள, ரெண்டு ஃபேன் வச்ச சாதாரண ஏர் கூலர். போர்டும் பி650 போதும்னு எறங்கி வந்துட்டேன், வைஃபை இருக்கா, போர்டோட அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸ அப்டேட் பண்ற பட்டன் பின்னாடி இருக்கா, அவ்வளவுதான் பாத்தேன்.

இனிமே ரிச்சி ஸ்ட்ரீட், சென்னைல கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் விக்கிற தெரு. சனிக்கிழமை காலைல அரசினர் தோட்டம் மெட்ரோல எறங்கி நடந்தே போயிட்டேன், வண்டில போனா பார்க்கிங் தேடியே பாதி நாள் காலி. நாலு கடைல ஒரே லிஸ்ட்ட குடுத்து எழுதி வாங்குனேன், அப்பதான் ஒரு சூட்சுமம் புரிஞ்சுது. கார்டும் ப்ராசசரும் எல்லாரும் ஆன்லைன்ல ரேட் பாத்துட்டு வருவாங்கன்னு அவங்களுக்கு தெரியும், அதுல ஆயிரம் ரூவா கொறச்சு காட்டுவாங்க, அந்த ஆயிரத்த யாரும் கண்டுக்காத எஸ்எம்பிஎஸ்லயும் ரேம்லயும் ரெண்டாயிரமா எடுத்துருவாங்க. டோட்டல் மட்டும் கேக்காதீங்க, லைன் லைனா கேளுங்க, மாடல் நம்பரோட.

நான் அப்படி கேட்டும் மாட்டுனேன். கடை பேரு வேணாம். ரேம் 6000 ஸ்பீடு, சிஎல்30 (இந்த நம்பர் கம்மியா இருந்தா தாமதம் கம்மி), 16 ஜிபி ரெண்டு குச்சின்னு தெளிவா எழுதி இருந்துச்சு, பில் போடுற நேரத்துல டப்பாவ எடுத்து பாத்தா 5200, சிஎல்40. கேட்டா "சார் ரெண்டுமே டிடிஆர்5 தான் சார், 32 ஜிபி தான், ஒரு வித்தியாசமும் தெரியாது, நான் கேரண்டி"ன்னாரு கவுண்டர்ல இருந்த அண்ணன். அப்ப ரேட்ட கொறைங்கண்ணேன்னேன். அதெப்படி சார், ரேட்டு அதே ரேட்டுதான்னாரு. ஒரு வித்தியாசமும் இல்லாத பொருளுக்கு ஏன் ரெண்டு நம்பர் போடுறாங்கன்னு கேட்டுட்டு நின்னேன், கால் மணி நேரத்துல பக்கத்து கடைல இருந்து பையன் கரெக்ட்டான டப்பாவ தூக்கிட்டு வந்தான். ப்ராசசர்லயும் இதே உஷார் வேணும், சீல் போட்ட டப்பா இல்லாம பிளாஸ்டிக் கவர்ல வர்ற ட்ரே பீஸ் கொஞ்சம் கம்மியா தருவாங்க, ஆனா ஏஎம்டியோட மூணு வருஷ வாரண்டி டப்பா பீஸுக்கு மட்டும்தான். பில் இல்லாம ஒரு ரேட், பில்லோட ஒரு ரேட்டுன்னு இன்னொரு கடைல சொன்னாங்க, 18 பர்சன்ட் ஜிஎஸ்டி மிச்சம்னு மனசு கொஞ்சம் ஆடத்தான் செஞ்சுது, ஆனா சீரியல் நம்பர் எழுதுன பில் இல்லாம ரெண்டு வருஷம் கழிச்சு செத்த கார்ட தூக்கிட்டு எந்த சர்வீஸ் சென்டருக்கு போறது.

எஸ்எம்பிஎஸ் 850 வாட்ஸ், கரண்ட அதிகம் வீணாக்காத கோல்டு ரேட்டிங், ஏடிஎக்ஸ் 3.1 ஸ்டாண்டர்டு, பத்து வருஷ வாரண்டி, பத்தரை ஆயிரம். என்விடியா 750 போதும்னுதான் சொல்லுது, நான் நாளைக்கு கார்டு மாத்துனாலும் தாங்கட்டும்னு ஒரு படி மேல போனேன். கேபினட் லியான் லி லான்கூல் 216, முன்னாடி ரெண்டு 160 எம்எம் ஃபேன் அதுவே வருது. கண்ணாடி பொட்டி மாதிரி மூணு பக்கமும் மூடுன கேபினட் ஃபோட்டோல அழகா இருக்கும், மே மாச சென்னைல அது இட்லி கொப்பரை. எஸ்எஸ்டி டபிள்யூடி எஸ்என்850எக்ஸ் 2 டிபி, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல, வேகமா இருக்கு.

அசெம்பிள் நானேதான் பண்ணேன், மச்சான் வீடியோ கால்ல. சாப்பாட்டு மேஜைல நியூஸ்பேப்பர் விரிச்சு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு (ஸ்க்ரூ பறக்கும்னு மச்சானுக்கு பயமாம்) ஏழு மணிக்கு உக்காந்தேன். இந்த ப்ராசசர் உக்கார்ற ஏஎம்5 சாக்கெட்ல பின்னு எல்லாம் போர்டுலதான் இருக்கு, ப்ராசசர்ல இல்ல. சிப்ப வச்சு கம்பிய அழுத்துறப்ப கறக்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, ஐயோ 35 ஆயிரம் போச்சுன்னு வேர்த்துடும், ஒண்ணும் இல்ல, மேல இருக்குற கருப்பு பிளாஸ்டிக் மூடி தானா தெறிச்சு வெளிய வரும், அத தூக்கி போடாதீங்க, போர்ட வாரண்டிக்கு அனுப்புறப்ப அந்த மூடி போட்டு அனுப்ப சொல்லுவாங்க. ரேம் ரெண்டாவது ஸ்லாட்லயும் நாலாவது ஸ்லாட்லயும். கூலர் அடில இருக்குற பிளாஸ்டிக் ஸ்டிக்கர உரிச்சேனான்னு மச்சான் மூணு தடவ கேட்டான், அவன் உரிக்காம ஒரு மாசம் ஓட்டுன ஆளு. கார்டோட 16 பின் கேபிள மட்டும் நல்லா அழுத்தி, இடைவெளியே இல்லாம உக்காந்திருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, பாதி மாட்டுனா சூடேறி உருகும்.

பதினோரு மணிக்கு பவர் பட்டன அமுக்குனேன். ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு. போர்டுல டிராம்னு (ரேமத்தான் சொல்லுது) ஒரு மஞ்ச லைட்டு எரியுது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், எனக்கு கை நடுங்குது, ஆஃப் பண்ணிட்டேன், மறுபடி போட்டேன், மறுபடி கருப்பு. பொறுடா, டிடிஆர்5 ரேம் முதல் தடவ ட்ரெய்னிங் எடுக்கும், போர்டு அத சோதிச்சு செட் பண்ணும், கைய வைக்காம இருன்னு மச்சான் கத்துறான். ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துல நான் வேண்டாத சாமி இல்ல. அப்புறம் பயாஸ் ஸ்க்ரீன் வந்துச்சு, ரேம் 4800னு காட்டுச்சு, எக்ஸ்போன்னு ஒரு செட்டிங்க ஆன் பண்ணாதான் நாம காசு குடுத்த 6000 வரும். பண்ணேன், வந்துச்சு.

அதுக்கப்புறமும் ஒரு கூத்து. சைபர்பங்க் கேம போட்டா செகண்டுக்கு 15 ஃப்ரேம் வருது, ஸ்லைடு ஷோ மாதிரி. கார்டு போலின்னே முடிவு பண்ணிட்டேன். கடைசில பாத்தா மானிட்டர் கேபிள கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகி வச்சிருக்கேன், 7800எக்ஸ்3டிக்குள்ளயே குட்டியா ஒரு கிராபிக்ஸ் இருக்குறதால படமும் வந்துடுச்சு, எவனுக்கு தெரியும். மாத்தி சொருகி, விண்டோஸ்ல 60ல இருந்த ஹெர்ட்ஸ 180 ஆக்குனதும் ரே ட்ரேசிங்கோட (வெளிச்சம் நெஜமா விழுற மாதிரி வரையுறது), டிஎல்எஸ்எஸ் குவாலிட்டில (சின்ன படத்த ஏஐ வச்சு பெருசாக்குற என்விடியா வித்தை) ஃப்ரேம் 90, 100ன்னு நின்னுச்சு. மழை பெய்ஞ்ச ரோட்டுல நியான் போர்டு வெளிச்சம் அசைஞ்சு அசைஞ்சு தெரியுறத பாத்துட்டு பத்து நிமிஷம் நடந்துட்டே இருந்தேன், ஒருத்தனையும் சுடல.

குறைன்னா, தூசி. மூணு வாரத்துக்கு ஒரு தடவ முன்னாடி மெஷ்ஷ தொடைக்கலன்னா சாம்பல் கம்பளி மாதிரி படியுது. அப்புறம் கேபினட்ட தொட்டா சுர்ர்னு லேசா ஷாக் அடிச்சுது, எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகப்பட்டேன், எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பாத்து பிளக் பாயிண்ட்ல எர்த் வயரே கனெக்ட் ஆகலன்னாரு, முன்னூறு ரூவால முடிஞ்சுது. யூபிஎஸ்ஸுக்கு லிஸ்ட்ல காசே ஒதுக்கல, அது என் முட்டாள்தனம், ரெண்டு கரண்ட் கட்டுக்கு அப்புறம் ஓடிப்போய் சைன் வேவ் யூபிஎஸ்ஸா பாத்து வாங்குனேன். ஏசி இல்லாத ரூம்ல ப்ராசசர் 75, கார்டு 68 டிகிரி, ரெண்டு மணி நேரம் ஆடுனதுக்கு அப்புறம். சத்தம் சீலிங் ஃபேன் சத்தத்துல அமுங்கிடுது.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். நான் 9,800 குடுத்து வாங்குன அதே ரேம் இப்ப மூணு மடங்குக்கு மேல போயிடுச்சு, ஏஐ டேட்டா சென்டருக்கே எல்லா மெமரியும் போகுது, குரூஷியல் பிராண்டு வச்சிருந்த மைக்ரான் கம்பெனியே நம்மள மாதிரி சில்லறை கஸ்டமருக்கு விக்கிறத நிறுத்தப்போறோம்னு 2025 டிசம்பர்ல சொல்லிட்டாங்க. இப்ப புதுசா கட்டுறவங்க ரேம் ரேட்ட முதல்ல விசாரிச்சுட்டு மத்தத பாருங்க. இத அம்மாகிட்ட பெருமையா சொன்னேன், தங்கத்த விட வேகமா ஏறியிருக்கும்மான்னு. ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அப்ப அத கழட்டி வித்துட்டு ஒரு மோதிரம் எடுத்துருவோமான்னு கேக்குறாங்க.